டவர் யாருக்கு நிரம்புகிறது?

அன்புள்ள ஐயா,

டிரங்க் கால் காலம் பற்றிய தங்கள் கட்டுரையில் எர்லாங் சூத்திரம் என்ற ஒன்றைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதையொட்டி ஒரு சந்தேகம். மே மாத சீசனில் கோத்தகிரியில் சாதாரண அழைப்பு கிடைத்துவிடுகிறது. கோவையில் இருக்கும் பேத்தியை வீடியோவில் பார்க்கலாம் என்றால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. டவர் நிரம்பிவிட்டால் எல்லாருக்கும்தானே நிரம்பியிருக்க வேண்டும்? இதற்குக் கணக்கு ஏதும் உண்டா, இல்லை கம்பெனிக்காரர்களின் ஓரவஞ்சனையா?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

இரண்டும் உண்டு. ஓரவஞ்சனையை முதலில் முடித்துவிடுகிறேன். 4ஜி குரல் அழைப்புக்கு இடம் உறுதிசெய்து கொடுக்கப்படுகிறது. வாட்ஸ்அப் வீடியோ மற்ற டேட்டாவோடு சேர்ந்து மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். நேரு பூங்காவுக்குக் காய்கறிக் கண்காட்சி பார்க்க வந்த கூட்டம் முழுவதும் படம் அனுப்பிக்கொண்டிருந்தால், உங்கள் பேத்தியின் முகம் சுற்றாமல் என்ன செய்யும்?

ஆனால் ஓரவஞ்சனையே இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் ஒன்றுபோல் நிரம்பாது என்பதுதான் சுவையான விஷயம். மேட்டுப்பாளையத்தில் கடைசி பஸ்ஸில் ஒரு சீட் காலி. தனியாக வந்தவர் ஏறிவிடுவார். சேர்ந்தே போகவேண்டும் என்று நிற்கும் நால்வர் குடும்பத்துக்கு அந்த பஸ் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரம், எத்தனை அழைப்புகள் இடமில்லாமல் திரும்பும் என்று சொல்வது. அதில் அழைப்புகள் எல்லாம் ஒரே அளவு, ஆளுக்கு ஒரு லைன். அளவுகள் கலந்து வரும்போது போடவேண்டிய கணக்கை 1981-இல் காஃப்மன், ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியே கொடுத்தார்கள். படிப்படியாக ஏறிப்போகும் எளிய கணக்கு, தாளும் பேனாவும் போதும். டவரில் நான்கு சேனல், அதாவது நான்கு லைன் இருப்பதாக வையுங்கள். குரலுக்கு ஒன்று, வீடியோவுக்கு இரண்டு. வகைக்கு ஓர் எர்லாங் வருகிறது, அதாவது தடையே இல்லாதிருந்தால் சராசரியாக எந்நேரமும் ஒரு குரலும் ஒரு வீடியோவும் நடந்துகொண்டிருக்கும். போட்டுப் பார்த்தால் குரல் அழைப்புகளில் சுமார் 18 சதவீதம் திரும்புகிறது, வீடியோவில் சுமார் 39. இடம் இருந்தால் விடு என்ற ஒரே விதிதான் இருவருக்கும். நான்கும் நிறைந்தால் இருவருக்கும் கதவு மூடுகிறது. மூன்று நிறைந்து ஒன்று மிஞ்சும் நேரமெல்லாம் வீடியோவுக்கு மட்டும் மூடுகிறது. போதாக்குறைக்கு அந்த ஒற்றைச் சேனலையும் அடுத்து வரும் குரல் எடுத்துக்கொள்கிறது.

இதைச் சரிசமமாக்க வழி இருக்கிறது. ஒரே சேனல் மிஞ்சியிருக்கும்போது குரலையும் உள்ளே விடாதே என்று கட்டளையிட்டுவிடலாம். துறையில் டிரங்க் ரிசர்வேஷன் என்பார்கள். இப்போது இருவருக்கும் தடை ஒரே சதவீதம். அதற்கு விலை, காலியிடம் கண்ணெதிரே இருந்தும் ஒருவரைத் திருப்பி அனுப்புவது. எனக்கு இது ஒப்பவில்லை. மழைநாளில் குன்னூர் சாலையில் மண் சரிந்து நிற்பவரின் ஒரு நிமிடப் பேச்சை மறுத்துவிட்டு வீடியோவுக்கு இடம் பிடித்து வைப்பானேன்? பேத்தியைப் பார்க்க முடியாத நீங்கள் என்மேல் கோபித்துக்கொள்ளலாம், நியாயம்தான்.

டவரைக் கூட்டினால் தீராதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓரளவு தீரும். ஆனால் சேனல்களின் எண்ணிக்கையைப் போலவே அவை ஒன்றாக இருப்பதும் முக்கியம். 10 சேனலுக்கு 5 எர்லாங் வந்தால் தடை 1.8 சதவீதம். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்து 20 சேனலுக்கு 10 எர்லாங் என்றாக்கினால் 0.2 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது, ஒரு சேனல்கூடக் கூட்டாமலேயே. சமவெளியில் பக்கத்து டவர்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இந்த லாபத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறது. நீலகிரியில் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனிக் கணக்கு. குன்னூர்ப் பக்கம் சும்மா கிடக்கும் சேனல், நடுவில் நிற்கும் மலைமுகட்டைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு வராது.