அமெரிக்க நர்சிங் ஹோமில் இருக்கும் அம்மாவை "கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். மறுக்க முடியுமா?

முடியும். அவர்கள் வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கேளுங்கள். 1987-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவ உதவி) பணம் வாங்கும் இல்லங்கள் பொதுவாக 30 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். காரணம், தேதி, எங்கே அனுப்புகிறார்கள், மேல்முறையீட்டு வழி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு நகல், இல்லங்களில் இருப்போரின் குறைகளைக் கேட்டு உதவும் மாநில ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

சட்டம் ஏற்கும் காரணங்கள் ஆறுதான். குடும்பம் ஓயாமல் புகார் சொல்கிறது என்பது அதில் கிடையாது. பணம் கட்டாதது உண்டு. ஆனால் மெடிகெய்டுக்கு வேண்டிய தாள்களைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும்போது அதைச் சொல்லி வெளியேற்ற முடியாது. விண்ணப்பித்த அத்தாட்சியைக் கையில் வையுங்கள்.

நோட்டீஸில் உள்ள தேதிக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால், அங்கிருப்போருக்கு ஆபத்து என்று இல்லம் காட்டினாலொழிய, முடிவு வரும்வரை அம்மா அங்கேயே இருக்கலாம். ஆம்பட்ஸ்மன் உதவி இலவசம், அன்றே கூப்பிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஆஸ்பத்திரியில்தான். சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, "இடமில்லை" என்று திரும்பச் சேர்க்க மறுப்பார்கள். அதையும் வெளியேற்றமாகக் கருதி மேல்முறையீடு செய்யலாம். அனுப்பும்போதே, படுக்கையை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் தருவது இல்லத்தின் கடமை. கேட்டு வாங்குங்கள்.