கேள்வி – பதில்: பிரான்ஸ் கடலில் ஈட்டித் துப்பாக்கி

கேள்வி: மார்செய் பக்கம் பொழுதுபோக்காக மூழ்கி மீன்பிடிக்க ஆசை. கடையில் ரப்பர் பட்டை வைத்த துப்பாக்கியும் காற்றழுத்தத் துப்பாக்கியும் காட்டினார்கள். இரண்டாவது சட்டவிரோதம் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. ஈட்டியைத் தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. வெடிக்கும் மருந்தின் விசையோ, நிரப்பி விற்கும் வாயுக் குப்பியின் விசையோ கூடாது. கைப்பம்பால் நீங்களே சுமார் 20 பார் (காற்றழுத்த அளவு) வரை காற்றடித்து, ஈட்டியையும் கையால் அழுத்திப் பூட்டும் துப்பாக்கிக்குத் தடையில்லை. ரப்பர் பட்டைக்குச் சிக்கலே கிடையாது.

பலர் மாட்டிக்கொள்வது கரையேறும்போதுதான். சுடத் தயாராக ஈட்டி பூட்டிய துப்பாக்கி தண்ணீருக்கு மேலே வரவே கூடாது. ரப்பர் என்றால் நீருக்குள்ளேயே பட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தில் பூட்டிய ஈட்டியைத் திரும்ப எடுப்பது கடினம். ஆளில்லாத திசையில், நீருக்குள் சுட்டுக் காலி செய்யுங்கள். வெளியே சுட்டால் ஈட்டியின் வேகத்தைத் தணிக்கத் தண்ணீர் இருக்காது, கயிறு அறுந்து ஈட்டி பறந்துவிடும்.

வயது 16 ஆகியிருக்க வேண்டும். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடும் கட்டாயம். வீட்டுக் காப்பீட்டில் இந்த மீன்பிடிப்பு அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரே படகில் ஸ்கூபா சிலிண்டரையும் (நீருக்குள் மூச்சுவிடும் காற்றுக் குப்பி) துப்பாக்கியையும் ஏற்றலாமா? பாறைப் பொந்தில் பார்க்க டார்ச்?

பதில்: இரண்டும் கூடாது. சிறப்பு அனுமதி இல்லாமல் சிலிண்டரும் துப்பாக்கியும் ஒரே படகில் இருந்தாலே குற்றம். மூச்சடக்கித்தான் பிடித்தேன் என்ற விளக்கம் எடுபடாது. நண்பர்கள் ஸ்கூபா போகிறார்களென்றால் துப்பாக்கியைக் கரையில் விட்டுவிடுங்கள். டார்ச் பகலிலும் கூடாது. சூரியன் மறைந்தபின் மீன்பிடிப்பே கூடாது. பொந்தில் சிங்கி இறால் தெரிந்தால் ஈட்டியை நீட்டாதீர்கள், இறால், நண்டு போன்ற ஓடுள்ளவற்றுக்கு அது தடை.

நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் மிதவை கட்டாயம். கயிறு ஆழத்தைவிட நீளமாக இருக்கட்டும். குட்டையானால் மூழ்கும்போது மிதவையும் கூடவே இழுபடும், படகோட்டிக்கு உங்களைத் தெரியாது. மீன்பிடிக்கும் படகுகளுக்கும், மிதவை கட்டிய வலைகளுக்கும் 150 மீட்டருக்குள் போகாதீர்கள்.

பையில் ஒரு கத்தரிக்கோலும் வையுங்கள். ஐரோப்பிய ‘பார்’ மீன் (sea bass) உள்ளிட்ட சில வகைகளுக்கு, விற்பனைக்குப் போகாதபடி வால் துடுப்பின் கீழ்ப்பகுதியை வெட்டியாக வேண்டும்.