அலாஸ்காவுக்குக் காரில் போகிறோம், தற்காப்புக்கு எந்த ரைஃபிள், என்ன தோட்டா வாங்கலாம்?

சியாட்டிலில் கிளம்பி, கனடா வழியாக அலாஸ்கா நெடுஞ்சாலை, இடையில் கூடாரம் போட்டுத் தங்கல், கரடி பயம், கூடவே வழிப்பறி பயம். உங்கள் கேள்வியின் சுருக்கம் இதுதானே? அந்தச் சாலையில் ஓட்டியவன், துப்பாக்கியோடு எல்லை கடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் சொல்லாமல் விட்ட விஷயம்: என்ன விசாவில் இருக்கிறீர்கள்? எச்-1பி, எஃப்-1 மாதிரியான தற்காலிக விசா என்றால், அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள். "நண்பனுடைய துப்பாக்கி, நான் சும்மா கூட உட்கார்ந்திருந்தேன்" என்ற கதையை நம்பி விசாவைப் பணயம் வைக்க வேண்டாம். கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது கனடா. டாசன் க்ரீக்கில் இருந்து டெல்டா ஜங்ஷன் வரை ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் பெரும்பகுதி அவர்கள் மண்ணில்தான் இருக்கிறது. மனிதர்களிடமிருந்து தற்காப்பு என்பதை அவர்கள் காரணமாகவே ஏற்பதில்லை. கவுண்டரில் "வழிப்பறி நடந்தால்..." என்று ஆரம்பித்தால் அங்கேயே வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். வேட்டை, போட்டி, நேர்வழியில் கடந்து போவது, ஆளில்லாத பகுதியில் காட்டு விலங்குகளிடமிருந்து பாதுகாப்பு, இவை செல்லும். கடைசியாகச் சொன்னது தேசியப் பூங்காக்களுக்குப் பொருந்தாது. கைத்துப்பாக்கியை மறந்துவிடுங்கள். ராணுவத் துப்பாக்கி சாயலில் வரும் ஏஆர்-15 ரைஃபிள் வகையறாவை 2020-லேயே தடை செய்துவிட்டார்கள், அந்தப் பட்டியல் அதன் பிறகும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. செமி-ஆட்டோ, அதாவது ஒரு குண்டு சுட்டதும் அடுத்தது தானே ஏறிக்கொள்ளும் துப்பாக்கி, எதையும் தொடாதீர்கள்.

எல்லையில் நடப்பது இதுதான். 5589 என்ற படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். கட்டணம் 25 கனடிய டாலர், 60 நாள் செல்லும். துப்பாக்கி இருக்கிறது என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம். எனக்கு வந்த அதிகாரி போல்ட்டை (குண்டு ஏற்றும் உலோகத் தண்டை) பின்னுக்கு இழுத்து, குண்டு உட்காரும் அறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, சீரியல் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டார். அப்புறம் "எங்கே தங்குகிறீர்கள்?" என்று கேட்டார். முகாம்களின் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரிந்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். அமெரிக்கா திரும்பும்போது தொந்தரவு இல்லாமல் இருக்க, கிளம்பும் முன் அமெரிக்கச் சுங்கத்தில் 4457 படிவம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் தாண்டி மிஞ்சுவது மூன்று வகைதான்: போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், .45-70 லீவர் ஆக்‌ஷன், 12 கேஜ் பம்ப் ஷாட்கன். அடுத்த குண்டை ஏற்ற முதலாவதில் போல்ட்டை இழுக்க வேண்டும், இரண்டாவதில் விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை ஆட்ட வேண்டும், மூன்றாவதில் குழலுக்கு அடியில் இருக்கும் பிடியை முன்பின் தள்ள வேண்டும். .45-70 மாதிரி புள்ளியோடு வரும் எண்கள் தோட்டா அளவின் பெயர்கள், 12 கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு. அமெரிக்க வனத்துறை 1983-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கரடி பாய்ந்து வரும் கிட்டத்துத் தூரத்தில் எந்தத் தோட்டா எப்படி வேலை செய்கிறது என்று சுட்டுப் பார்த்தது. .458, .375, .338 எல்லாம் முன்னால் நின்றன. ஆச்சரியம் என்னவென்றால், சாதாரண .30-06 ரைஃபிளும் 220 கிரெயின் (சுமார் 14 கிராம்) எடையுள்ள கனத் தோட்டாவோடு நல்ல இடம் பிடித்தது. என் தேர்வும் அதுதான். .375-இன் உதை புதியவரின் தோளைப் பயமுறுத்திவிடும். கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவர் கையில் பெரிய துப்பாக்கி இருந்து என்ன பயன்?

தோட்டாவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மானுக்கென்று விற்கும் தோட்டா உள்ளே போனதும் சீக்கிரம் விரிந்து சிதறும். கரடியின் கொழுப்பையும் தோள் எலும்பையும் தாண்டி ஆழமாகப் போக வேண்டுமானால் நாஸ்லர் பார்ட்டிஷன், பார்ன்ஸின் முழுச் செம்புத் தோட்டா போன்றவை வேண்டும். ஷாட்கன் என்றால் சிதறு குண்டு வேண்டாம், ஸ்லக் எனும் ஒற்றைக் கனக் குண்டு போடுங்கள். அதிலும் மெத்தென்ற ஈயத்தில் செய்த ஃபாஸ்டர் வகையைவிட, கடினமான ப்ரென்னகி வகை மேல்.

சரி, இனி என் உண்மையான அபிப்பிராயம். கனடாவில் அந்தத் துப்பாக்கி குண்டு நிரப்பாமல்தான் பயணம் செய்ய வேண்டும்; காரை விட்டு இறங்கிப் போனால் டிரங்க்கில் பூட்டியிருக்க வேண்டும். கிரிஸ்லி எனும் பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 30 மீட்டரை இரண்டு விநாடியில் தாண்டிவிடும். அப்போது இடுப்பில் இருக்கிற கரடி ஸ்ப்ரேதான் (மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி) கைக்கு எட்டும். கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ குழு 2008-ல் வெளியிட்ட அலாஸ்கா ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் ஸ்ப்ரே 92 சதவீதம் பலித்திருக்கிறது. அவர்களே 2012-ல் துப்பாக்கிச் சம்பவங்கள் 269-ஐ அலசியபோது, நீளத் துப்பாக்கி (ரைஃபிள், ஷாட்கன்) பலித்தது 76 சதவீதம்தான். இரண்டு ஆய்வின் சம்பவங்களும் வேறு வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது, இருந்தாலும் யோசிக்க வைக்கும் எண்கள்.

துப்பாக்கியே வீண் என்று சொல்லவரவில்லை. 1997-ல் இதே சாலையில் கனடாவின் லியார்ட் ரிவர் வெந்நீர் ஊற்றில் ஒரு கருங்கரடி இரண்டு பேரைக் கொன்றது. கடைசியில் ரைஃபிள் குண்டுதான் அதை நிறுத்தியது. அதனால் இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்ப்ரே. கரடிக்கானது என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் மனிதர்மேல் அடிக்கிற பெப்பர் ஸ்ப்ரேக்குக் கனடாவில் தடை. வழிப்பறியைப் பற்றி நான் அந்தச் சாலையில் கவலைப்பட்டதே இல்லை. இருட்டிய பிறகு நடுரோட்டில் நிற்கும் காட்டெருமைக் கூட்டம்தான் பயமுறுத்தியது, லியார்ட் பக்கம் ராத்திரியில் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, அலாஸ்காவில் தற்காப்புக்காகக் கரடியைச் சுட்டால் வேலை அதோடு முடியாது. தோலை உரித்து, மண்டையோட்டோடு சேர்த்து மாநில வனவிலங்குத் துறையிடம் ஒப்படைத்து, எழுத்து மூலம் அறிக்கையும் கொடுக்க வேண்டும். நல்ல கத்தி ஒன்றும் வாங்கி வையுங்கள்.