சாம்பிராணிக்கு இண்டக்ஷன் கிண்ணம்: போர்டைத் திட்டும் முன் பேட்டரியைப் பாருங்கள்

ஏற்காட்டில் விருந்தினர் அறைகளை வாடகைக்கு விடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கரியும் நெருப்பும் இல்லாமல், கையில் எடுத்துப்போய் அறைக்கு அறை சாம்பிராணி போட ஒரு கருவி செய்கிறேன். ஆன்லைனில் 5–12 வோல்ட் இசட்.வி.எஸ். இண்டக்ஷன் போர்டு (காயிலுக்குள் வைத்த உலோகத்தைக் காந்தப்புலத்தால் சூடாக்கும் சுற்று) வாங்கி, பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த மூன்று 18650 லித்தியம் செல்களை சீரிஸில் இணைத்தேன். ஆணி வைத்தால் சிவக்கிறது, எவர்சில்வர் கிண்ணம் சரியாகச் சூடாகவில்லை. நாலைந்து தடவைக்கு அப்புறம் போர்டில் புகை வந்து ஒரு மாஸ்ஃபெட் போய்விட்டது. நல்ல போர்டாக வேறு வாங்கட்டுமா? வெள்ளிக் கிண்ணம் வைத்தால் சூடாகுமா?"

வேறு போர்டு வாங்க வேண்டாம். இதே செல்லில் போட்டால் அதுவும் போகும்.

அந்தப் போர்டில் இரண்டு மாஸ்ஃபெட்கள், அதாவது சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள், மாறி மாறி ஓடுகின்றன. ஒன்று ஆன் ஆகும்போது ஒரு டயோடு வழியாக மற்றதன் கேட்டின் (ஆன், ஆஃப் ஆக்கும் கால்) வோல்டேஜைக் கீழே இழுத்து ஆஃப் செய்யும், அப்புறம் இது ஆஃப், அது ஆன், இப்படி நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல். இதில் முக்கியமான விஷயம், கேட்டுக்குப் போகும் வோல்டேஜும் அதே பேட்டரியிலிருந்துதான் வருகிறது. காலி காயிலுக்கு ஓரிரு ஆம்பியர் போதும், ஆனால் இரும்பை உள்ளே வைத்ததும் 8, 10 ஆம்பியர் இழுக்கும். லேப்டாப் செல் அதற்குச் செய்யப்பட்டது அல்ல, அது மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற செல். பழைய செல் ஒன்றின் உள்தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொண்டால் மூன்றுக்கும் சேர்த்து 0.45, பத்து ஆம்பியர் இழுத்தால் 4.5 வோல்ட் செல்லுக்குள்ளேயே விழுந்துவிடும். சும்மா இருக்கும்போது மீட்டரில் 11 வோல்ட் காட்டும் பேட்டரி, ஓடும்போது ஆறரைதான். இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் இருக்கிற ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் மாஸ்ஃபெட் முழுசாக ஆன் ஆவதற்கு கேட்டில் 10 வோல்ட் வேண்டும். ஆறில் அது பாதி திறந்து பாதி மூடிய நிலையில் நின்று சூடாகும். இன்னும் விழுந்தால் மாறி மாறி ஓடும் ஆட்டமே நின்று இரண்டும் ஒரே சமயத்தில் ஆன் ஆகிவிடும், பேட்டரி நேராக ஷார்ட். அப்புறம் புகைக்கு சில நொடி போதும்.

அதனால் செலவு செய்வதைச் செல்லில் செய்யுங்கள். தொடர்ந்து 15, 20 ஆம்பியர் தாங்கும் செல் கேட்டு வாங்குங்கள். 2500 மில்லி ஆம்ப் ஹவர், 20 ஆம்பியர் என்று வருபவை இதற்குத் தாராளம். மேலே 9900 என்று அச்சடித்த செல்லைக் கையாலும் தொடாதீர்கள், 18650 அளவில் 3600க்குப் பக்கத்தில் போனாலே அதிகம். செல்லில் நேரடியாகச் சால்டரிங் அயர்ன் வைக்காமல் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டு செய்து வாங்குங்கள், 20 ஆம்பியர் தாங்கும் மூன்று செல் பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் சின்னப் போர்டு), 15 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டும் கட்டாயம். சார்ஜர் 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜராக இருக்கட்டும், வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டர் அல்ல.

சுவிட்சும் இதே கதைதான். சின்ன புஷ் பட்டனில் பத்து ஆம்பியரை விட்டால் காண்டாக்ட் கருகும், தடை ஏறும், வோல்டேஜ் மெதுவாக ஏறும், மெதுவாக ஏறினால் ஆட்டம் தொடங்காமல் மறுபடி அதே ஷார்ட். பெரிய மின்சாரம் ஒரு லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் வழியாகப் போகட்டும் (குறைந்த கேட் வோல்டேஜிலேயே முழுசாக ஆன் ஆகும் ரகம், ஐ.ஆர்.எல்.இசட்.44என் போதும்), பட்டனை அதன் கேட்டுக்கு மட்டும் கொடுங்கள், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பேட்டரி ஒயர் தடிமனாக, முடிந்தவரை குட்டையாக. போர்டின் வாசலிலேயே 1000 மைக்ரோஃபேரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர்.

இனி கிண்ணம். சேலம் உருக்காலைக்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு எல்லா எவர்சில்வரும் ஒன்று என்று நினைத்தால் எப்படி? நிக்கல் சேர்ந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, நிக்கல் இல்லாத 430ல் பச்சக்கென்று ஒட்டும். உங்களுக்கு வேண்டியது 430. சேலம் செவ்வாய்ப்பேட்டை பாத்திரக் கடைகளுக்குக் காந்தத்துடன் போங்கள், ஆனால் விளிம்பில் வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்: 304ஐ வளைத்து அடித்த இடத்தில் லேசான காந்தத்தன்மை வரும், அடிப்பாகத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள். மெல்லிசாக, ஐந்து கிராமுக்குள் இருந்தால் 200 டிகிரிக்குக் கொண்டுபோக 400 ஜூல் போதும், கிண்ணத்துக்கு 50 வாட் சேர்ந்தால் எட்டு நொடி. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு கூடவே கூடாது, அளவு மீறிச் சூடானால் வரும் புகை கெடுதல்.

வெள்ளி சூடாகாது. கொலுசுக்குப் பேர்போன சேலத்துப் பக்கம் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள் என்று தெரியும்! வெள்ளியில் காந்தத்தன்மை கிடையாது, மின்தடையும் எல்லா உலோகத்தையும் விடக் குறைவு, மின்சாரம் உள்ளே ஓடினாலும் சூடாக மாறுவது சொற்பம். செம்புக் காயில் அவ்வளவு ஆம்பியரைச் சுமந்தும் உருகாமல் இருப்பது அதே குணத்தால்தான். பட்டறைகளில் வெள்ளி உருக்கும் இண்டக்ஷன் உலைகளின் சக்தி வேறு ரகம்.

காயிலை உங்கள் கிண்ணத்துக்கு ஏற்ற மாதிரி சுற்றலாம், சுற்றைக் குறைக்காதீர்கள். இண்டக்டன்ஸ் குறைந்தால் உள்ளே சுழலும் மின்சாரம் ஏறி கெப்பாசிட்டர் சூடாகும். கிண்ணத்துக்கும் காயிலுக்கும் நடுவே கண்ணாடிக் குழாயோ மைக்காவோ இருக்கட்டும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தன்மையை இழக்கும், அதனால் தானாக நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்குள் சாம்பிராணி கரியாகி அறையே நாறும். பத்து நொடியில் அணைக்கும் டைமர் ஒன்று வையுங்கள்.

மலையில் இருக்கிறீர்கள், யூகலிப்டஸ் தைலம் ஊற்றத் தோன்றும். வேண்டாம், சுமார் 50 டிகிரியிலேயே அதன் ஆவி ஒரு பொறி பட்டால் தீப்பற்றும். இதே சுற்றை நிகோட்டினுக்கு மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2019 சட்டப்படி மின் சிகரெட் விற்பது மட்டுமல்ல, தயாரிப்பதும் குற்றம், முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

உங்கள் பழைய போர்டைத் தூக்கிப்போடாதீர்கள். இரண்டு மாஸ்ஃபெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், டயோடுகளை மீட்டரில் பாருங்கள். புதுச் செல் வரும்வரை, பைக் பேட்டரியில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, காயிலில் எதுவும் வைக்காமல் ஓட்டிப் பாருங்கள். ஓரிரண்டு ஆம்பியரில் நின்றால் போர்டு பிழைத்துக்கொண்டது, ஃப்யூஸ் போனால் இன்னும் ஏதோ ஷார்ட் மிச்சம் இருக்கிறது.