அன்று அவர் கையில் எத்தனை வீடு?

கேள்வி: லண்டனில் ஆறு தளக் கட்டடத்தில், வாடகைக்கு விடுவதற்காக ஒரு பிளாட் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏற்கெனவே நான்கு வீடுகள் உண்டு. மூன்றுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு, கட்டடத்தின் தீப்பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் செலவில் சட்டம் கைகொடுக்காது என்கிறார்களே, உண்மையா?

பதில்: சட்டம் உங்கள் வீடுகளை எண்ணாது. 2022 பிப்ரவரி 14 அன்று அந்த பிளாட்டின் லீஸ் (நீண்டகாலக் குத்தகை) யார் பெயரில் இருந்ததோ, அவருடைய வீடுகளைத்தான் எண்ணும். 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடித் தீயில் 72 பேர் இறந்த பிறகு வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம் 2022 சொல்வது இது: இந்தச் செலவிலிருந்து பாதுகாப்பு கிடைக்க, அன்று அந்த பிளாட் அவருடைய முதன்மைக் குடியிருப்பாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால், அதையும் சேர்த்து பிரிட்டனில் அவருக்கு மூன்று வீடுகளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இப்படித் தகுதி பெற்ற லீஸ் எத்தனை கை மாறினாலும் தகுதியை இழக்காது. அன்று ஐந்து வீடு வைத்திருந்த முதலீட்டாளரின் பிளாட்டை வாங்கினாலோ, இதுவே உங்கள் முதல் வீடாக இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு வராது. விலை குறைவாக வரும் பிளாட்டில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டடம் 11 மீட்டர் உயரமோ ஐந்து தளமோ தொட்டிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. தகுதி பெற்ற லீஸுக்கு, ஆபத்தான கிளாடிங்கை (வெளிச்சுவர் மீது போர்த்திய தகடுகளை) மாற்றும் செலவு ஒரு பென்னிகூட இல்லை. சுவருக்குள் தீத்தடுப்பு விடுபட்டது போன்ற மற்றக் குறைகளுக்கு, பெரும்பாலான பிளாட்டுகளில் லண்டனுக்குள் 15,000 பவுண்ட், வெளியே 10,000 பவுண்ட் உச்சவரம்பு. அதையும் பத்து ஆண்டுகளில் பிரித்துத்தான் வாங்க முடியும். பிளாட்டின் மதிப்பு பத்து லட்சம் பவுண்டைத் தாண்டினால் வரம்பும் உயரும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குடியிருப்பாளர்களே சேர்ந்து ஃபிரீஹோல்டை (நிலம், கட்டடத்தின் முழு உரிமையை) ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கட்டடத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ‘ஃபிரீஹோல்டில் பங்கு’ என்று விளம்பரத்தில் பார்த்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள்.

ஒப்பந்தம் பரிமாறும் முன்பே, லீஸ் தகுதி பெற்றதைக் காட்டும் லீஸ்தாரர் சான்றுப் பத்திரத்தை வாங்கிவிடுங்கள். விற்பவர் 2022 பிப்ரவரி 14க்குப் பிறகு வாங்கியவர் என்றால், அன்றைய உரிமையாளர் கொடுத்த பத்திரம் அவர் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பனை முடிந்தபின் ஆளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பத்திரம் இல்லாவிட்டால் தகுதியில்லாத லீஸாகவே நடத்தக்கூடும். இந்தச் செலவில் தன் பொறுப்பைச் சொல்லும் சான்றிதழை, கேட்டால் நில உரிமையாளர் நான்கு வாரத்தில் தர வேண்டும். வெளிச்சுவரின் தீப்பாதுகாப்பை மதிப்பிடும், வங்கி கேட்கும் இ.டபிள்யூ.எஸ்.1 படிவத்தில் ‘பி2’ என்றிருந்தால் வெளிச்சுவரில் சீரமைப்பு தேவை என்று பொருள்; யார் பணத்தில், எப்போது என்பதை எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி: எட்டுத் தளக் கட்டடத்தில் உள்ள என் பிளாட்டில் ஹாலை மறித்து இன்னொரு படுக்கையறை போடலாமா?

பதில்: ஃபிரீஹோல்டரின் சம்மதம் மட்டும் போதாது. இங்கிலாந்தில் 18 மீட்டர் அல்லது ஏழு தளம் எட்டிய குடியிருப்புக் கட்டடத்தில் இத்தகைய வேலைக்குக் கட்டடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். விதிப்படி எட்டு வாரம். வரைபடம் அரைகுறையாக இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். புதிய அறையிலிருந்து வெளியேற இன்னொரு அறையைக் கடக்க நேர்ந்தால் அதுவே முக்கியத் தடை. சமையலறையில் தீப்பிடித்தால் உள்ளே தூங்குபவர் எந்த வழியாக வெளியே வருவார் என்பதற்கு வரைபடத்தில் விடை இருக்க வேண்டும்.

வாசற்கதவையும் பாருங்கள். தானாக மூடும் கருவியை வாடகைக்கு இருப்பவர்கள் கழற்றிவிடுவது வழக்கம். 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் 2023 ஜனவரி முதல் பிளாட் கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க முயல வேண்டும்; கட்டட நிர்வாகம் வரும் முன் நீங்களே மாட்டிவிடுங்கள்.