கறியே தொடாத மாமியாருக்கும் ஏன் வயிற்றுப்போக்கு?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம், டாக்டர். புரட்டாசியில் பிராய்லர் விலை இறங்கியதால் என் கணவர் நான்கு கிலோ வாங்கி வந்தார். பாதியைக் குழம்பு வைத்தேன், மீதியை ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் ராத்திரியிலிருந்து எனக்கும் நான்கு வயது மகளுக்கும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. விரதம் இருக்கும் மாமியார் சாம்பாரும் வெள்ளரிக்காய்ப் பச்சடியும்தான் சாப்பிட்டார். அவருக்கும் அதே தொந்தரவு. நேரம் கழித்து வந்த கணவர் குழம்புச்சோறு மட்டும் சாப்பிட்டார், பச்சடி தீர்ந்துவிட்டது; அவருக்கு ஒன்றுமில்லை. ஊசி போட்ட கோழி, விற்காமல் தேங்கிய கோழி என்று ஊரில் சொல்கிறார்கள். கடைக்காரர் கழிவை எங்கள் வீட்டுப் பின்பக்க வாய்க்காலில் கொட்டுகிறார். குடிப்பது அடிபம்புத் தண்ணீர். கோழிக்கறியை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் குழந்தையைப் பார்ப்போம். ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஒவ்வொரு முறை வயிறு போன பின்னும் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கூடவே 14 நாளைக்குத் தினமும் 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசமாகவே கிடைக்கும். மலத்தில் ரத்தம் இருந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, கண் குழிந்து குழந்தை துவண்டு கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை எதையும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, காரணத்துக்கு வருவோம். கெட்டுப்போன உணவில் ஏற்கெனவே ஊறியிருக்கும் நச்சு என்றால் சில மணி நேரத்திலேயே வாந்தி வந்துவிடும். உங்களுக்கு ஒரு நாள் கழித்து, அதுவும் காய்ச்சலோடு வந்திருக்கிறது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை எடுத்துக்கொண்டு இப்படித்தான் ஆரம்பிக்கும். குழம்பு சாப்பிட்ட கணவருக்கு ஒன்றுமில்லை, கறி தொடாத மாமியார் படுத்துவிட்டார். எனக்குக் குழம்பின் மேல் சந்தேகமில்லை, பச்சடியின் மேல்தான். கறி நறுக்கிய அதே அரிவாள்மனையில், பேருக்குக் கழுவிவிட்டு வெள்ளரிக்காய் நறுக்கினீர்களா? டெல்டாவில் பாதி வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. குழம்பு கொதித்ததில் கிருமி செத்திருக்கும். பச்சடி அடுப்பையே பார்க்கவில்லை.

கறி உள்ளுக்குள் 74 டிகிரி செல்சியஸ் சூடேறினால் இந்தக் கிருமிகள் மிஞ்சாது. மஞ்சளும் கல் உப்பும் போட்டு நாலு தண்ணீர் கழுவுவதால் போகாது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தெறிக்கும் துளி பக்கத்துப் பாத்திரம், கொத்தமல்லிக் கட்டு வரைக்கும் போகும். பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசினால் போதும். சமைக்காமல் அப்படியே சாப்பிடும் பண்டத்தை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டுக் கடைசியில் கறியைத் தொடுங்கள். கைக்கும் அரிவாள்மனைக்கும் சோப்பு வேண்டும்.

விலை இறங்கினாலே கெட்ட கோழி என்று அர்த்தமில்லை. முட்டை பொரிக்க 21 நாள், குஞ்சு இரண்டு கிலோ ஆக ஏறக்குறைய 40 நாள். ஆடி மாதமே அடைக்கு வைத்த முட்டை புரட்டாசியில் கோழியாக வந்து நிற்கும். சாப்பிட ஆள் குறைந்தது என்று அதை நிறுத்த முடியாது. கோழிப் பண்ணைகள் அதிகமுள்ள பல்லடத்தில் அறிவிக்கும் பண்ணை விலை அப்போது சரிகிறது. பண்ணையில் கூடுதல் நாள் தீனி தின்று மூன்று கிலோவைத் தாண்டிய கோழியும் நல்ல கோழிதான். கவலைப்பட வேண்டியது வேறு: வண்டியிலேயே வெக்கையில் செத்தது, அறுத்து வைத்து வெளியில் கிடந்தது. ஆகவே கண்ணெதிரில் உயிரோடு பிடித்து அறுக்கச் சொல்லி வாங்குங்கள். ரத்தம் வடியாத கோழியின் தோல் கன்றிச் சிவந்திருக்கும்.

ஊசி விஷயம். 40 நாளில் வளர்வதற்குக் காரணம் இனத்தேர்வும் தீனியும்; ஹார்மோன் ஊசி இல்லை. ஆனால் ஆன்டிபயாடிக் பற்றிய பயத்தை நான் ஒதுக்க மாட்டேன். எந்த மருந்துக்கும் அடங்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினைக் கோழித் தீனியில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-இல்தான் மத்திய அரசு தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமி பச்சடி வழியாகக் குழந்தை வயிற்றுக்குள் போனால் பிறகு வைத்தியம் கஷ்டம். அதனால்தான் உங்களிடமும் சொல்கிறேன், பரிசோதனை இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள்.

ஃப்ரீசரில் இருக்கும் மீதியில் இடையே கரண்ட் போனதா என்று பாருங்கள். திறக்காமல் இருந்தால் பாதி நிரம்பிய ஃப்ரீசர் ஒரு நாள் தாங்கும். உருகித் தண்ணீர் விட்டு மறுபடி உறைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், காசு போனால் போகட்டும்.

வாய்க்கால் கழிவுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. கோழியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறகும் குடலும் தலையுமாகப் போகிறது. விலை இறங்கி வியாபாரம் கூடினால் கழிவும் கூடும். மேட்டூர் தண்ணீரை முறை வைத்து விடும்போது, தண்ணீர் வராத நாளில் வாய்க்கால் தேங்கி நிற்கும்; அந்தத் தண்ணீர் மேலாக இருக்கும் நிலத்தடி நீரில் இறங்கும். உங்கள் கணவரும் அதே அடிபம்புத் தண்ணீரைக் குடித்து நன்றாக இருப்பதால் இந்த முறை தண்ணீர் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் அடுத்த முறைக்கு உத்தரவாதம் இல்லை. குடலுக்குக் கூடும் தெருநாய்களால் வெறிநாய்க்கடி ஆபத்தும் உண்டு. இதே கழிவைக் குளத்தில் கொட்டி, நாட்டில் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கோழிக்கறியை நிறுத்த வேண்டாம். கறிக்கடைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். கழிவு கொட்டுவதை நேரத்தோடு போட்டோ எடுத்து, அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்தும் வாங்குங்கள். அடிபம்புத் தண்ணீரைப் பரிசோதிக்கவும் அதே மனுவில் கேளுங்கள். முடிவு வரும் வரை தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், மாமியாருக்கு மாத்திரை போடக் கொடுக்கும் தண்ணீர் உட்பட.