ரிசல்ட் நன்றாக வந்து பங்கும் ஏறியது, பிறகு ஏன் என் கால் ஆப்ஷனில் நஷ்டம்?

கால் ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த தேதிக்குள் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. அதில் நீங்கள் வாங்கியது பங்கின் ஏற்றத்தை மட்டும் இல்லை, பரபரப்பையும் சேர்த்துத்தான். என்விடியா, டெஸ்லா மாதிரி பங்கு விலை வேகமாக ஏறி இறங்கும் கம்பெனிகளில் காலாண்டு முடிவு வருவதற்கு முந்தைய நாட்களில் ‘பெரிதாக ஏதோ நடக்கும்’ என்ற எதிர்பார்ப்பே பிரீமியத்தை, அதாவது ஆப்ஷனுக்கு நீங்கள் கொடுக்கும் விலையை, ஊதிப் பெரிதாக்கிவிடும். விலைக்குள் இருக்கும் இந்த எதிர்பார்ப்பைத்தான் இம்ப்ளைடு வாலட்டிலிட்டி என்கிறார்கள். முடிவு வந்த மறுநாள் காலை அந்தக் காற்று இறங்கிவிடும்.

ஒரு கணக்குக்கு, பங்கு 100 டாலர், அந்த வாரம் முடியும் 100 ஸ்டிரைக் கால் ஆப்ஷன் (100 டாலருக்கு வாங்கும் உரிமை) 8 டாலர் என்று வையுங்கள். அமெரிக்காவில் ஒரு கான்ட்ராக்ட் 100 பங்கு, ஆக 800 டாலர் போட்டிருக்கிறீர்கள். பங்கு 105க்கு ஏறினாலும் உங்கள் கையில் உண்மையான மதிப்பு 5 டாலர்தான், மிச்சமிருக்கும் சில நாட்களுக்காக இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம், அவ்வளவுதான். 108ஐத் தாண்டினால்தான் நிச்சயமாகத் தப்பிப்பீர்கள்.

சில நேரம் திசையே மாறும். 2024 ஆகஸ்டில் வெளியான முடிவில் என்விடியாவின் காலாண்டு வருமானம் ஓராண்டில் 122 சதவீதம் கூடியிருந்தது, ஆனாலும் மறுநாள் பங்கு 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தது!

ரிசல்ட்டுக்கு முன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் 100 ஸ்டிரைக் கால் ஆப்ஷனை வாங்கி 110 ஸ்டிரைக் கால் ஆப்ஷனை விற்றுவிடுங்கள். லாபத்துக்கு உச்சவரம்பு வரும், சரி, ஆனால் விற்றதிலும் அதே காற்று இறங்குவது உங்களுக்குச் சாதகம் என்பதால் அடி குறையும்.